சம்புக்குள் ஓடும் கோழிகள்: கமராப் படத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும்போது நேரும் தவறுகள்

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று வன்னியின் எந்தக் குளத்தோரம் தானாகப் படமெடுக்கும் கமரா கட்டினாலும், சம்புக்கும் கோரைக்கும் இடையில் ஓடும் கோழி ஒன்று அதில் விழக்கூடும். நாள் முழுக்கக் குந்தியிருந்தாலும் நேரில் காணக் கிடைக்காத பறவைகள் இவை. அதனால்தான் படத்தைக் கண்டதும் பெயர் வைக்க மனம் அவசரப்படுகிறது.

நான் பிழைவிட்டது கறுப்புக் குஞ்சு ஒன்றில். உடம்பு முழுக்கக் கறுத்த சின்னப் பறவை. அரிய சிறு கிரேக் (இந்தக் கோழிகளில் சின்ன வகை) என்று எழுதிவைத்துவிட்டேன். அடுத்த படத்தைத் திறந்திருந்தால், ஓரத்தில் வெள்ளை மார்போடு தாய்க் கானாங்கோழி நிற்பது தெரிந்திருக்கும். கானாங்கோழி, தாழைக்கோழி இரண்டின் குஞ்சும் பொரிக்கும்போது கறுப்புத் தூவியோடுதான் வரும். வளர்ந்த பறவைக்கு இறகுகள் பிரிந்து தெரியும். குஞ்சு பஞ்சுபோல இருக்கும், சிறகும் குட்டை. ஆகவே ஒரு படத்தை மட்டும் நம்பாதீர்கள். முன்னும் பின்னும் பத்து நிமிடத்துப் படங்களையும் பாருங்கள்.

அப்புறம், இரவுப் படத்தில் நிறம் தேடுவது. அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த படம் நம் கண் பார்க்கும் கறுப்பு வெள்ளை அல்ல. பச்சைப் புல்லே வெளுத்துத் தெரியும். கரிய இறகும் சாம்பலாக வரலாம். செம்மார்பா, சிவந்த காலா என்று அதில் சொல்லவே முடியாது. கோலத்தைப் பாருங்கள். விலாவில் வெள்ளைக் கோடு ஓடினால் தாழைக்கோழி. மார்பிலிருந்து தோளுக்கு வளைந்தேறும் வெள்ளைப் பட்டையும் கண்ணைச் சுற்றிய வெள்ளையும் இருந்தால் மயில் உள்ளான். அதில் எடுப்பான நிறம் பெண்ணுக்குத்தான். பகல் படத்தில் பலர் அதை ஆண் என்று எழுதிவிடுகிறார்கள். பகல் படத்திலும் கால் நிறத்தை நம்பாதீர்கள், வயல் சேறு மூடியிருக்கும்.

அளவும் ஏமாற்றும். பெய்லன் கிரேக் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர், கானாங்கோழி 32. சின்னது கமராவுக்குக் கிட்ட நின்றால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கமரா கட்டும் அன்றே, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட தடியைப் பறவை ஓடும் தடத்தில் நட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றரி மாற்றினால் திகதியைச் சரிபாருங்கள். குளிர்காலத்தில் மட்டும் இலங்கைக்கு வரும் பறவைகளும் இதில் உண்டு. பிழையான திகதி அவற்றை ஆடி மாதத்துக்குக் கொண்டுபோய்விடும்.

படம் விழாததால் பறவை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கமராவின் உணரி சூட்டு வேறுபாட்டை வைத்துத்தான் விழிக்கிறது. சிறுபோக வெயிலில் தரை பறவையின் உடம்பளவு கொதித்திருக்கும்போது, சின்னக் கோழி அதன் முன்னாலேயே கடந்து போய்விடும்.