டிரான்ஸ்ஃபார்மர் ரேஷியோ டெஸ்ட்: முதலில் கணக்கு, அப்புறம் மீட்டர்

இரண்டு பக்க வோல்டேஜுக்கும் உள்ள விகிதமான ரேஷியோ தப்பாக வந்தால் எல்லாரும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சந்தேகப்படுகிறார்கள், தாங்கள் போட்ட கணக்கை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனால் வயரைத் தொடும் முன் பேப்பரை எடுங்கள்.

நேம் பிளேட்டில் 11000/433 வோல்ட், டிஒய்என்11 (காயில்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் குறியீடு) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேராக வகுத்தால் 25.40 வரும். ஆனால் எச்.வி. (அதிக வோல்டேஜ் பக்கம்) டெல்டா, எல்.வி. (குறைந்த வோல்டேஜ் பக்கம்) ஸ்டார், ஆகவே காயிலுக்குக் காயில் விகிதம் வேறு: ஸ்டாரில் ஒரு காயிலின் வோல்டேஜ் 433-ஐ 1.732-ஆல் வகுத்தால் வரும் 250, 11000-ஐ அந்த 250-ஆல் வகுத்தால் 44. டேப் (சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) 2.5 சதவீதப் படியில் இருந்தால் ஐந்து டேப்புக்கும் 46.2, 45.1, 44, 42.9, 41.8 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐஇசி 60076-1 என்ற சர்வதேசத் தரவிதிப்படி முதன்மை டேப்பில் (இங்கே 44) 0.5 சதவீதம், அல்லது இம்பீடன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மரின் உள் மின்தடுப்பு) சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அதுவரைதான் விலகலாம். இம்பீடன்ஸ் 4 என்றால் 43.82 முதல் 44.18 வரை, அவ்வளவுதான்.

சரி, இனி வேலை. இரண்டு பக்கமும் சப்ளையைப் பிரித்து, எர்த் செய்து டிஸ்சார்ஜ் ஆனபின் புஷ்ஷிங்கிலிருந்து (வெளியே நீளும் இன்சுலேட்டர் முனை) கேபிள்களைக் கழற்றுங்கள். வோல்டேஜை எப்போதும் எச்.வி. பக்கம்தான் கொடுக்க வேண்டும். மறந்துபோய் எல்.வி.யில் 230 வோல்ட் கொடுத்தால் மறுமுனையில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஆள் காலி.

டி.டி.ஆர். மீட்டர் (சுற்று விகிதத்தை நேராகக் காட்டும் கருவி) இருந்தால், 1 என்று தொடங்குவது எச்.வி. முனை, 2 என்று தொடங்குவது எல்.வி. முனை: 1யு-1வி-க்கு ஜோடி 2யு-நியூட்ரல், 1வி-1டபிள்யூ-வுக்கு 2வி-நியூட்ரல், 1டபிள்யூ-1யு-வுக்கு 2டபிள்யூ-நியூட்ரல். இது டிஒய்என்11-க்கு மட்டும். டிஒய்என்1 என்றால் ஜோடி மாறும். 44-க்குப் பக்கத்திலேயே வராத எண் ஏதாவது வந்தால் முதலில் மீட்டர் லீடைச் சரியான முனையில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

டி.டி.ஆர். இல்லையா? எச்.வி.யில் மூன்று ஃபேஸ் 400 வோல்ட் கொடுத்தால் எல்.வி.யில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 9.09 வோல்ட் வரவேண்டும். சப்ளை ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் படிக்க ஆளோ மீட்டரோ இரண்டு வேண்டும். ஒரு சதவீதம் பிழை உள்ள மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு 0.4 சதவீதத்தைப் பிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள், இது அளவுகோல் இல்லாமல் தையல் போடுகிற கதை.

மூன்று ஃபேஸும் சொல்லிவைத்தாற்போல் 2.5 சதவீதம் தள்ளி வந்தால் டேப் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் விலகினால் அந்த ஃபேஸின் டேப் கான்டாக்டையும் எக்ஸைட்டேஷன் கரண்டையும் (இரும்புக் கோரைக் காந்தமாக்க இழுக்கும் கரண்ட்) பாருங்கள். கரண்ட் கூடவே எகிறியிருந்தால் சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கு முன் டி.சி. ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் செய்திருந்தால் கோரில் மிச்சக் காந்தம் இருக்கும், அதுவும் கரண்டை ஏற்றிக் காட்டும், டீமேக்னடைஸ் செய்துவிட்டு மறுபடி எடுங்கள்.