டைமிங் பெல்ட் சாமான் வாங்கும்போது அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரவு நேரம், கட்டுநாயக்காவிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருகிறேன், ஹபரணை தாண்டி கந்தளாய் நோக்கி வரும் காட்டுப் பாதையில் எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. மறுநாள் திருகோணமலைக்குக் கட்டி இழுத்து வந்து கராஜில் கவரைக் கழற்றினால், டைமிங் பெல்டின் (எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்) பற்கள் வரிசையாகச் சீவப்பட்டிருந்தன. ஆனால் பிழை பெல்டில் இல்லை. பெல்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியின் பேரிங் இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றிருந்தது. பெல்ட் நல்ல ஜப்பான் பெல்ட்தான்; பேரிங் மட்டும் பெயர்போன பெட்டியில் வந்த போலி, போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. வால்வுகள் வளைந்து, ஹெட் இறக்கி வேலை செய்து, நிலாவெளி சீசனில் பாதி போய்விட்டது.

அன்றிலிருந்து இந்தச் சாமான்களை நானே பார்த்துத்தான் வாங்குகிறேன். என்னுடையது 5எல் என்ற டீசல் எஞ்சின் போட்ட டொயோட்டா ஹயஸ் வான், ஆகவே உதாரணங்கள் டொயோட்டாவை ஒட்டியே இருக்கும், ஆனால் பார்க்கும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது, பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதியே தீரும். மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

முதலில் இலக்கம். கடைக்காரரிடம் "ஹயஸுக்கு டைமிங் பெல்ட்" என்று கேட்காதீர்கள். சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) உள்ள சசி இலக்கத்தையும், எஞ்சின் பிளாக்கில் குத்தியிருக்கும் இலக்கத்தையும் நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் நாட்டில் 3எல் கழற்றிவிட்டு 5எல் போட்ட வான்கள் நிறைய ஓடுகின்றன, புத்தகம் ஒன்று சொல்லும், பொனட்டுக்குள் வேறொன்று இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வண்டியின் சசி இலக்கம் சின்னதாக, நடுவில் ஒரு கோட்டோடு இருக்கும். இந்திய வண்டி என்றால் 17 எழுத்தும் எண்ணும். இதை வைத்து இணையத்திலுள்ள பாகப் பட்டியலிலோ ஏஜென்டிடமோ சரியான பாக இலக்கத்தை எடுத்துவிடலாம். டொயோட்டா இலக்கத்தில் முதல் 5 எண் அது என்ன சாமான் என்று சொல்லும், அடுத்த 5 பெரும்பாலும் எந்த எஞ்சினுக்கு என்று சொல்லும். 13568 என்று தொடங்கினால் டைமிங் பெல்ட், 13505உம் 13503உம் பெல்டை அழுத்துகிற, வழிநடத்துகிற புல்லிகள், 13506 சில எஞ்சின்களில் பெல்டுக்குப் பதிலாக வரும் டைமிங் செயின், 90311 ஓயில் கசியாமல் தடுக்கும் ஓயில் சீல். டொயோட்டா பெட்டியில் 13568 இல்லாத ஒன்றைக் காட்டி இதுதான் பெல்ட் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாகனக் கம்பனியின் பெட்டியில் வருவது ஒன்று, மிட்சுபோஷி, பாண்டோ, கேட்ஸ் மாதிரி பெல்ட் செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பது இன்னொன்று, இந்த இரண்டு பெட்டியையும் பார்த்துச் செய்த போலி மூன்றாவது. இரண்டாவது வகையை வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை, காசும் குறையும். மூன்றாவதை முதலாவதின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது, அதுதான் விஷயம்.

பெல்டைக் கையில் எடுத்தால் முதுகில் அச்சிட்டிருக்கும் இலக்கமும் பெட்டியின் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். எழுத்துப்பிழை, மங்கல் அச்சு, லேபிள் கோணலாக ஒட்டியிருப்பது எல்லாம் சந்தேகத்துக்கு இடம். பல்லின் மேல் இருக்கும் துணி ஒரே சீராக, நூல் பிரியாமல் இருக்க வேண்டும். பழைய பெல்டைக் கூடவே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணுங்கள், அகலத்தை அளவுகோலால் அளந்துவிடுங்கள், பல்லின் வடிவத்தையும் ஒப்பிடுங்கள் (ஆனால் பழையதே போலியாக இருந்திருக்கலாம், அதனால் கடைசித் தீர்ப்பு பாக இலக்கம்தான்). ரப்பர் என்பதால் ராக்கையில் கிடந்தாலும் அது வயதாகும். தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்காக வெயில் சூட்டில் கிடந்த பெல்ட் அசலாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கடைக்காரர் இடம் மிச்சம் பிடிக்க அதை இறுக்கி மடித்து ஆணியில் மாட்டியிருந்தாலும் எடுக்காதீர்கள், கூர்மையாக மடித்தால் உள்ளே இருக்கும் இழை முறியும், வெளியே ஒன்றும் தெரியாது. ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டி) எஞ்சினிலிருந்து கழற்றிய பெல்ட், பார்க்கப் புதிது மாதிரி இருந்தாலும், வேண்டவே வேண்டாம்.

இனி பேரிங். எல்லாரும் பெல்டை உற்றுப் பார்த்துவிட்டுப் புல்லியைச் சும்மா வாங்கிப் பையில் போடுகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். புல்லியை ஒரு கையில் பிடித்து மறு கையால் மெல்லச் சுற்றுங்கள். உள்ளே கிரீஸ் நிறைந்த புதுப் பேரிங் சின்னதாக ஒரு பிடிப்போடு, சத்தமில்லாமல் சுற்றும். ஒரு தட்டுத் தட்டியதும் சர்ரென்று நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே கிரீஸ் போதாது. பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கோயோ, என்எஸ்கே, என்டிஎன் என்று பேரிங்கிலேயே பெயரும் இலக்கமும் தெளிவாக இருக்க வேண்டும். பெட்டியில் பெரிய பெயர், இரும்பில் ஒன்றுமே இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடையதில் ஒரு எழுத்துகூட இருக்கவில்லை, அதை நான் பார்த்தது எஞ்சின் உடைந்த பிறகு. நம் ஊர்க் கடற்காற்றில் திறந்த பெட்டிக்குள் இருக்கும் இரும்பு சீக்கிரம் துருவேறும், ஆகவே ஓரங்களில் பழுப்புப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டவுன் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பில் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் போடச் சொல்வோம். சுமார் 260 கிலோமீட்டர், சாமான் கைக்கு வரும் முன்னரே காசு போய்விடும். அதனால் காசு போடும் முன் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள்: பெட்டியின் லேபிள், பெல்டின் முதுகு, பேரிங்கின் முகம், மூன்றும் தனித்தனியாக, கிட்டத்தில் எடுத்தது. படம் அனுப்பத் தயங்குகிற கடையை விட்டுவிடலாம். பில்லில் பாக இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் பில் கொடுக்கத்தான் வேண்டும், ஏமாற்றினால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். எனக்குக் கையில் பில் இல்லை, அதனால் போன காசு போனதுதான்.

செயின் எஞ்சின்காரர்கள் செயினை மட்டும் வாங்காமல் டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள். பெல்ட் எஞ்சினில் கேம், கிராங்க் என்ற சுழல் தண்டுகளின் ஓயில் சீல்களையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள், ஓயில் கசிந்தால் எப்பேர்ப்பட்ட அசல் பெல்டும் ஊறிக் கெட்டுவிடும். கவர் மூடும் முன் மெக்கானிக் பாஸிடம் சொல்லி கிராங்கை ஸ்பேனரால் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புல்லிகளில் உள்ள டைமிங் குறிகள் திரும்பவும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் திகதியையும் கிலோமீட்டரையும் எழுதி பொனட்டுக்குள் ஒட்டுங்கள். 5எல் எஞ்சினுக்கு 100,000 கிலோமீட்டரில் பெல்ட் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. டாஷ்போர்டில் பெல்ட் மாற்றச் சொல்லும் டி-பெல்ட் லைட் எரியும் என்று காத்திருக்க வேண்டாம், வாங்கிய பழைய வண்டியில் அந்த பல்பே இருக்கிறதோ தெரியாது.

வேலை முடிந்ததும் பழைய பெல்டை இரண்டாக வெட்டிப் போடுங்கள், புதுச் சாமான் வந்த காலிப் பெட்டியைக் கராஜில் முழுசாக விட்டுவிட்டு வராமல் கிழித்துவிடுங்கள். நல்ல பெட்டி கிடைத்தால் அதற்குள் எதையும் போட்டு விற்கலாம்.