அலுமினிய பிளேட்டில் பிரஸ் மோல்டு: கார்பன் ஃபைபர் மூடிக்கு ஒரு முதல் அச்சு

பிரஸ் மோல்டு, அதாவது ரெசினில் நனைத்த கார்பன் துணியை இரண்டு பாதிகளுக்கு நடுவே அழுத்தி வடிவம் எடுக்கும் அச்சு, செய்யப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அது எப்படித் திறக்கும்? எபாக்ஸி ரெசின் அலுமினியத்தை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். திறக்க வழி வைக்காமல் கடைந்த அச்சு, முதல் துண்டோடு சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். அதனால் கீழே வரும் அளவுகளில் பாதி, திறப்பதற்காகவே வைத்தவை.

பழகுவதற்கு ஒரு ட்ரோன் பேட்டரி மூடியை எடுத்துக்கொள்வோம். 160 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம். சுற்றிலும் 20 மி.மீ. தட்டையான விளிம்பு, அதைக் கடைசியில் அறுத்து எறிந்துவிடுவோம்.

படி 1: பிளேட் வாங்குவது

260 × 200 × 40 மி.மீ. அளவில் இரண்டு பிளேட். ஒன்று பள்ளமான கேவிட்டி, இன்னொன்று மேடான கோர். ஒவ்வொன்றும் ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். கடையில் 6061 கிரேடு என்று கேளுங்கள். டி6 (சூட்டுப் பதத்தால் கெட்டியாக்கியது) என்பதோடு நிற்காமல் டி651 கிடைக்குமா என்றும் கேளுங்கள். அந்தப் பிளேட்டை ஆலையிலேயே சற்று இழுத்து உள் இறுக்கத்தைத் தளர்த்தியிருப்பார்கள். கடையும்போது வாழைக்காய் மாதிரி வளையாது.

இவ்வளவு கெட்டியான பிளேட்டை வளைத்து வடிவம் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். டி6 பதத்தில் இருப்பதை இறுக்கமாக வளைத்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். கடைந்தெடுப்பதுதான் வழி.

படி 2: இடைவெளிக் கணக்கு

மூடிய அச்சுக்குள் கோருக்கும் கேவிட்டிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது? துணியிலிருந்து கணக்குப் போடுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கார்பன் துணி, நாரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம். துணியில் இருக்கும் நாரை மட்டும் கெட்டியாக அடுக்கினால் 0.11 மி.மீ. வரும். பாதி நார், பாதி ரெசின் என்று வைத்தால் ஒரு அடுக்கு 0.22 மி.மீ. ஆக, 9 அடுக்குக்கு 2 மி.மீ. இடைவெளி.

இப்போது கேட் மென்பொருளில் (கணினியில் வடிவம் வரைவது) கவனம் வேண்டிய இடம். புதிதாக வருபவர்கள் கேவிட்டியின் பரப்பை நகலெடுத்து 2 மி.மீ. மேலே தூக்கி, அதுதான் கோர் என்பார்கள். அடித்தளத்தில் அது சரியாகவே இருக்கும். சுவரில் இருக்காது. சுவர் செங்குத்திலிருந்து 15 டிகிரி சாய்ந்திருந்தால், மேலே தூக்கிய 2 மி.மீ. அங்கே 0.52 மி.மீ. இடைவெளியாகத்தான் வரும். ஒன்பது அடுக்குத் துணி அதற்குள் போகாது. அச்சும் மூடாது. பரப்பை நகர்த்தாமல் ‘ஆஃப்செட்’ கட்டளையால் எல்லாப் பக்கமும் 2 மி.மீ. விலக்குங்கள்.

15 டிகிரி சாய்வு பெரிதாகத் தோன்றலாம். அனுபவசாலிகள் 2, 3 டிகிரியிலேயே எடுத்துவிடுவார்கள். முதல் அச்சுக்கு தாராளமாக இருக்கட்டும். மூலை வளைவு கோரில் 5 மி.மீ. என்றால் கேவிட்டியில் 7 வரும், 12 மி.மீ. பால் நோஸ் கட்டர் (உருண்டை முனை கொண்டது) அதற்குள் நிம்மதியாகப் போய்வரும்.

படி 3: கடைதல்

சொந்தமாக விஎம்சி (கணினி ஓட்டும் மில்லிங் மெஷின்) இல்லாவிட்டால் ஜாப் ஒர்க் கொடுங்கள். ஆனால் வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள்: முதலில் ரஃப், எல்லாப் பக்கமும் அரை மி.மீ. விட்டு. அப்புறம் பிளேட்டை வைஸிலிருந்து கழற்றி, தளர்ந்து நிலைக்கு வர விட்டு, அடிப்பக்கத்தை மறுபடி மட்டம் எடுத்து, மீண்டும் பிடித்து ஃபினிஷ். நேரம் பிடிக்கும் வேலை என்று முகம் சுளிப்பார்கள். விடாதீர்கள்.

அலுமினியம் கட்டர் பல்லில் அப்பிக்கொள்ளும். கூலண்ட் இல்லாத சின்ன மெஷினில் மண்ணெண்ணெய் தொட்டு வெட்டுவது பழைய பழக்கம். நன்றாகவே வேலை செய்யும், தீப்பொறி மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. ஃபினிஷில் கட்டர் அரை மி.மீ. தள்ளித் தள்ளி ஓடினால் வரிமேடு 5 மைக்ரான் அளவில் நிற்கும். 1 மி.மீ. தள்ளினால் அதுவே நான்கு மடங்கு. அங்கே மிச்சம் பிடித்த நேரத்தை உப்புத்தாளில் கையால் கொடுக்க வேண்டிவரும்.

படி 4: பின், போல்ட், ஸ்டாப்பர்

கேவிட்டி கடைந்த அதே பிடிப்பில், கழற்றாமல், குறுக்கு மூலைகளில் இரண்டு டவல் பின் (இரு பிளேட்டையும் நேர்ப்படுத்தும் உருளை ஊசி) துளை: 9.8 மி.மீ. டிரில், பிறகு துளையைத் துல்லியமாக்க 10 மி.மீ. ரீமர். ஒன்றை 5 மி.மீ. தள்ளிப் போடுங்கள், அச்சைத் திருப்பிப் போட்டு மூட முடியாது. துளைகள் மறுபக்கம் வரை போகட்டும். பின் கோரில் இறுக்கமாகவும் கேவிட்டியில் வழுக்கியும் நிற்க வேண்டும்.

கோர் பிளேட்டின் நான்கு மூலையிலும் எம்8 டேப் (8 மி.மீ. போல்ட்டுக்கான மரை) போடுங்கள். இவைதான் திறக்கும் போல்ட்கள். இறுக்கினால் எதிர்ப் பிளேட்டைத் தள்ளும். போல்ட் முனை படும் இடத்தில் ஒரு சின்ன இரும்பு வில்லையைப் பதியுங்கள். இல்லாவிட்டால் அலுமினியம் குழியும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பிய அச்சின் விளிம்பை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தச் செலவைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அழுத்தத்தை நிறுத்த, விளிம்புக்கு வெளியே நான்கு 2 மி.மீ. இரும்புத் துண்டுகள் ஸ்டாப்பராக. துணி விளிம்புக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டினால் மிஞ்சிய ரெசின் அதில் இறங்கும். வாய்க்காலின் சுவரும் சாய்வாகவே இருக்கட்டும். நேராக வெட்டினால் இறுகிய ரெசின் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

படி 5: தேய்ப்பது

பரப்பு முழுக்கப் பென்சிலால் கிறுக்குங்கள். 220 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கிறுக்கல் எங்கேயும் மிஞ்சாதபோது 320. இப்படியே 400, 600, 1000. சுவர்களில் கடைசித் தேய்ப்பு, துண்டு வெளியே வரும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்குக் கீறல் ரெசினைப் பிடித்து வைக்கும். உலர்ந்த அலுமினியத் தூள் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் ஈரத்திலேயே தேய்ப்பது நல்லது. பெஞ்ச் கிரைண்டரில் அலுமினியத்தைக் காட்டவே காட்டாதீர்கள். கல்லின் துளைகளில் அப்பி, சூடேறி, கல் உடைந்து தெறிக்கலாம்.

அசிட்டோனால் துடையுங்கள். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தை அரித்துவிடும். பிறகு ரெசின் ஒட்டாமலிருக்க மோல்டு ரிலீஸ் வேக்ஸ், ஐந்தாறு கோட், ஒவ்வொன்றும் காய்ந்து பளபளப்பாகத் துடைத்த பிறகு. பின், வாய்க்கால், போல்ட் மரை எதையும் விடவேண்டாம்.

படி 6: முதல் அழுத்தல்

துணியின் எடைக்குச் சமமாக ரெசின் கலந்தால் போதும், மிச்சம் பிதுங்கிவிடும். 200 × 140 மி.மீ. பரப்புக்கு 5 பார் அழுத்தம் என்றால் சுமார் 1.4 டன். ஐந்து டன் பாட்டில் ஜாக் தாராளம். ஒரேயடியாக அடித்து ஏற்றாதீர்கள். கொஞ்சம் ஏற்றி, ரெசின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்வரை நின்று, மறுபடி ஏற்றுங்கள். நான்கு ஸ்டாப்பரும் கையால் அசைக்க முடியாதபடி இறுகினால் அச்சு மூடிவிட்டது.

80 டிகிரியில் சூடாக்கிப் பதமேற்றும் ரெசின் என்றால் இன்னொன்று. அறைச் சூட்டிலிருந்து அந்தச் சூட்டுக்குப் போகும்போது 160 மி.மீ. அலுமினியம் 0.2 மி.மீ. நீளும். குளிரும்போது அவ்வளவும் சுருங்கும், கார்பன் துண்டு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கேவிட்டி அதைச் சுற்றிக் கவ்வும். அதனால் முழுக்க ஆறவிடாமல், கையுறையோடு தொடக்கூடிய சூட்டிலேயே நான்கு போல்ட்டையும் கால் சுற்று, கால் சுற்றாக மாறிமாறி இறுக்கித் திறந்துவிடுங்கள்.

வந்த துண்டை அச்சுக்குள்ளேயே திரும்பப் போட்டு வைக்காதீர்கள். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கும்.