கைவேலைக்கு மைதா பசை
லீவு விட்டால் பிள்ளைகள் கையில் கடைப் பசை ஒரே நாளில் காலி. வீட்டிலேயே காய்ச்சிவிடலாம். 2 பெரிய ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். வெந்நீரில் போட்டால் உருண்டை உருண்டையாகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மங்கிப் பளபளப்பு வரும். அதுதான் பதம்.

பூச்சி அரிக்காமலிருக்க புத்தக பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம். வாயில் விரல் வைக்கிற வயசுக்கு வேண்டவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்து ரெண்டு மூணு நாள் ஓட்டலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பழைய வார இதழ்ப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். ராத்திரி அதைப் பார்த்து அவர்களே கதை சொல்லட்டும் (நமக்கும் தொண்டை மிச்சம்). ஒட்டியதும் ஃபேனுக்கடியில் விரித்து வையுங்கள், இல்லையென்றால் பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.