ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன்: இலக்குகளை மணி நேரக் கணக்காக எழுதுவது எப்படி?

நல்ல மதிப்பெண் எடுக்க வேண்டும், ஜெர்மன் கற்றுக்கொள்ள வேண்டும், பகுதிநேர வேலை பார்க்க வேண்டும், பத்து நாடுகளாவது சுற்ற வேண்டும். விமானம் ஏறப்போகிற பலருடைய பட்டியல் இப்படித்தான் இருக்கும். இதில் எந்த ஆசையும் தப்பில்லை. ஆனால் எல்லா ஆசைகளும் ஒரே வாரத்துக்குள்தான் நேரம் தேட வேண்டும். அதனால் முதலில் வாரத்தை அளந்துவிட்டு, பிறகு இலக்கை எழுதுங்கள்.

முதல் கணக்கு: கிரெடிட்

ஐரோப்பிய நாடுகளின் பட்டப்படிப்பு முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்படி ஆக்க 1999-ல் கையெழுத்தான பொலோனியா பிரகடனத்துக்குப் பிறகு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் இசிடிஎஸ் என்ற பொதுவான கிரெடிட் முறைக்கு வந்துவிட்டன. முழுநேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்கான படிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். வகுப்பு வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம்தானே என்று ஏமாறுவது இங்கேதான். 30 கிரெடிட்டுக்கு 750 முதல் 900 மணி நேரம் ஆகும். தேர்வுக் காலத்தையும் சேர்த்து 20 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 37 முதல் 45 மணி நேரம். இதை எழுதிய பிறகு மிஞ்சும் இடத்தில்தான் மற்ற எல்லாமே.

அடுத்து, சேரப்போகும் படிப்பின் மாட்யூல் கையேட்டை, அதாவது பாடங்களின் விவரத் தொகுப்பை, துறையின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் எத்தனை, முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும், தேர்வு எழுத்துமுறையா வாய்மொழியா, எந்த மொழியில் நடக்கிறது, எந்த செமஸ்டரில் நடத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிர்கால செமஸ்டரில் மட்டும் நடக்கும் ஒரு பாடத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு முழு ஆண்டு காத்திருக்க வேண்டும். தீசிஸ் தொடங்க அந்தப் பாடம் கட்டாயம் என்றால் பட்டமும் தள்ளிப்போகும்.

இதெல்லாம் கையில் இருந்தால் இலக்கு தானாகவே உருவம் பெறும். “நன்றாகப் படிப்பேன்” என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்: “முதல் செமஸ்டரில் 30 கிரெடிட். அதில் 6 கிரெடிட் புள்ளியியலில் 2.0 அல்லது அதைவிட நல்ல கிரேடு (ஜெர்மன் அளவுகோலில் எண் குறையக் குறைய நல்லது). மூன்றாம் செமஸ்டரில் எடுக்கவிருக்கும் ஆய்வகப் பாடத்துக்கு இது அடிப்படை.” எவ்வளவு, எப்போது, எதற்காக என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. படிப்பின் விதிகளும் ஸ்காலர்ஷிப் நிபந்தனையும் அனுமதித்தால், முதல் செமஸ்டரில் 24 அல்லது 25 கிரெடிட்டோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம். வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு, குடியிருப்பு அனுமதி எல்லாமே முதல் இரண்டு மாதங்களில் வந்து நிற்கும்.

மதிப்பெண், தேர்வுப் பதிவு, தீசிஸ்

மதிப்பெண் இலக்கை அந்த நாட்டு அளவுகோலில் எழுதுங்கள். ஜெர்மனியில் 1.0 சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பிரான்சில் 20-க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. 16 வாங்குவதே பெரிய விஷயம். இத்தாலியில் தேர்ச்சி 18, உச்சம் 30. உங்கள் பழைய மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் பவேரிய சூத்திரம் எளிது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 3-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். 10-க்கு 8 வாங்கியவருக்கு, தேர்ச்சி 5 என்றால், கிடைப்பது 2.2. விண்ணப்பிக்கும் படிப்பு 2.5 கேட்கிறதா, 2.0 கேட்கிறதா என்று இப்போதே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. வகுப்புக்கு ஒழுங்காகப் போனவர்கூட, தேர்வுப் பதிவின் கடைசி நாளைத் தவறவிட்டால் உட்கார முடியாது. அரியர் எத்தனை வைத்தாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கமும் அங்கே செல்லாது. ஒரு தேர்வுக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புகள். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பிலும் தோற்றால் படிப்பே முடிந்துவிடும். அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் சேர்வதும் பெரும்பாலும் முடியாது. இத்தாலி நேர் எதிர்: கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதும் வழக்கம் அங்கே உண்டு. நாட்காட்டியில் முதலில் ஏற வேண்டியது தேர்வுப் பதிவின் கடைசி நாள்.

தீசிஸுக்குப் பல முதுகலைப் படிப்புகளில் 30 கிரெடிட், அதாவது ஒரு முழு செமஸ்டர். நான்கு செமஸ்டர் படிப்பில் இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் ஆய்வுக் குழுவைத் தேர்ந்தெடுப்பது என்று இலக்கு வையுங்கள். பேராசிரியரிடம் “ஏதாவது தலைப்பு கொடுங்கள்” என்று கேட்டுப் போனால் பதில் வருவதே கடினம். அவர் குழுவின் இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு, எந்தக் கேள்வியில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் போகிறவர்களுக்கு இலக்குப் பட்டியலின் சட்டபூர்வமான வடிவமே ‘லேர்னிங் அக்ரிமென்ட்’தான். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். அங்கே போனதும் ஒரு பாடம் ரத்தாகும், இரண்டின் நேரம் மோதும். இது சாதாரணம். அதனால் மாற்றாக இரண்டு பாடங்களை முன்பே தேர்ந்தெடுத்து, உங்கள் துறையின் சம்மதத்தையும் வாங்கி வையுங்கள். மாற்றத்தை அந்த ஆவணத்தில் ஏற்றாமல் வாய்ச்சொல்லை நம்பினால், திரும்பி வந்தபின் கிரெடிட் கணக்கில் சேராமல் போகலாம்.

சொந்த இலக்குகள்

மொழியைப் பற்றித்தான் அதிகமாகத் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1 என்று தொடக்கத்திலிருந்து படிப்படியாக அளக்கிறார்கள். ஜெர்மனில் பி1 நிலைக்கு 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை தேவை என்கிறது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனம். வாரத்துக்கு 6 பாடவேளை, செமஸ்டருக்கு 15 வாரம் என்றால் ஆண்டு முழுவதும் சேர்த்தே 180தான். பூஜ்யத்திலிருந்து ஒரே ஆண்டில் பி1 என்று எழுதுவது வெறும் ஆசை. புறப்படுமுன் ஏ1 முடிப்பது, முதல் ஆண்டு முடிவில் ஏ2 என்பது நடக்கக்கூடியது. பல்கலைக்கழக மொழி வகுப்புகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நிலையறித் தேர்வு செமஸ்டர் தொடங்குமுன்பே நடந்துவிடுவதும் உண்டு. வகுப்போடு ஒரு டாண்டம் துணையும் தேடுங்கள்: அரைமணி நேரம் உங்கள் மொழி, அரைமணி நேரம் அவர் மொழி.

வேலையை இலக்காக எழுதுமுன் விசா விதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம்; பிரான்சில் ஆண்டுக்கு 964 மணி நேரம்; நெதர்லாந்தில் வாரத்துக்கு 16 மணி நேரம், அல்லது கோடை மூன்று மாதம் முழுநேரம். அனுமதி இருக்கிறது என்பதற்காக நேரம் இருக்கிறது என்று ஆகாது. படிப்பு 40, வேலை 16, மொழி 5 என்றாலே 61 மணி நேரம். சமையலும் துணி துவைப்பதும் இன்னும் கணக்கில் வரவில்லை. முதல் செமஸ்டர் செலவை வேலையை நம்பாமல் திட்டமிடுங்கள். ஜெர்மனியின் முடக்கக் கணக்கில் (விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு) 2024 செப்டம்பர் முதல் கேட்கப்படும் 11,904 யூரோ, மாதத்துக்கு 992 யூரோவாகக் கைக்கு வரும். அதற்குள் வாடகை எவ்வளவு என்று பார்த்தாலே ஊர்சுற்றும் இலக்கின் அளவு தெரிந்துவிடும்.

“நிறைய நண்பர்கள்” என்பதை அளக்க முடியாது. “வாரம் ஒருமுறை, அதே குழுவோடு” என்பதை அளக்கலாம். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பு, பாடகர் குழு, வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் எராஸ்மஸ் ஸ்டூடண்ட் நெட்வொர்க் அமைப்பின் கிளை என எதுவானாலும் சரி. ஒரே முகங்களை எட்டு வாரம் பார்த்தால்தான் பேச்சு வளரும். வடக்கே போகிறவர்கள் வெளிச்சத்தையும் ஓர் இலக்காக்கிக்கொள்ள வேண்டும். டிசம்பர் பிற்பாதியில் பின்லாந்தின் ஹெல்சின்கியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகலில் அரைமணி நேரம் வெளியே நடப்பதைக் கால அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

கடிதத்தில் எதைச் சொல்வது

சேர்க்கைக்கான மோட்டிவேஷன் கடிதத்தில் இந்தப் பட்டியல் முழுவதையும் கொட்டாதீர்கள். இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், எது தெரியாமல் நிற்கிறீர்கள், இவர்களின் எந்த மாட்யூல் அதை நிரப்பும் என்பதற்கு முக்கால் பங்கு. சொந்த இலக்குக்கு இரண்டு வரி போதும். பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையைப் புகழும் பத்தியை வெட்டிவிடுங்கள். அது அவர்களுக்கே தெரியும்.

எப்போது திருத்துவது

மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, தேர்வுப் பதிவு முடிவதற்கு முன் ஒருமுறை, முடிவுகள் வந்தபின் ஒருமுறை. உண்மையில் எத்தனை மணி நேரம் செலவானது என்று திட்டத்தோடு ஒப்பிட்டால் போதும். நேரம் போதவில்லை என்றால் எது முதலில் போக வேண்டும் என்பதைப் புறப்படுமுன்பே ஒவ்வோர் இலக்குக்கும் பக்கத்தில் எண்ணாக எழுதி வையுங்கள். பயணத்துக்கு 1, வேலை நேரத்துக்கு 2, விருப்பப் பாடத்துக்கு 3, மொழி வகுப்புக்கு 4. தூக்கத்துக்கு எண் போடாதீர்கள்.