நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் ஸ்ட்ரோலர் வேண்டும்

"அஞ்சு வயசுப் பையனுக்கு எதுக்கும்மா வண்டி? நல்லாத்தானே ஓடுறான்" என்று கேட்டார் என் மாமியார். அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கிற டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவுக்கு முதல் தடவை போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்னவளுக்கு மட்டும் ஒற்றை ஸ்ட்ரோலர், அதாவது பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி, எடுத்துப் போனோம். மதியம் இரண்டு மணிக்கு, அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில், சின்ட்ரெல்லா கோட்டைக்குப் பின்னால், பையன் தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு பதினெட்டு கிலோவும் அவன் அப்பா தோளில். அன்று இரவு என் கைபேசி 22,000 அடி காட்டியது. நான் ஒரு அடி வைத்தால் அவன் இரண்டு வைத்திருப்பான்.

அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிக்கொண்டு, இரட்டை ஸ்ட்ரோலரோடு போனோம். இனி சொல்வதெல்லாம் அதில் கற்றது.

வாங்கும் முன் இஞ்சுடேப்பால் அளந்துவிடுங்கள். அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலம், அதற்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். கையால் இழுக்கிற வேகன் வகை 2019 மே மாதத்திலிருந்து கிடையாது. தள்ளுகிற மாதிரி மாற்றிக்கொள்ளும் ஸ்ட்ரோலர் வேகனும் அதில் சேர்த்தி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை உள்ள சாதாரண இரட்டை வண்டிகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் வந்துவிடும்.

பார்க் வாசலிலேயே வாடகைக்கும் கிடைக்கும். கெட்டி பிளாஸ்டிக் வண்டி, முதுகு சாயாது. கைக்குழந்தைக்கு ஆகாது, ஒன்றரை வயதுக்கே தூங்கும்போது தலை தொங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இரவு வெளியே வரும்போது வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். மேஜிக் கிங்டமில் கார் நிறுத்துமிடம் ஏரிக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் தூங்கி விழுகிற நேரத்தில்தான் உங்கள் கையில் வண்டி இருக்காது. அதனால் வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது. விமானத்தில் போகிறவர்கள், ஆர்லாண்டோவில் ஹோட்டலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வெளி வாடகைக் கடைகளைப் பாருங்கள்.

ஏரியைக் கடக்க மோனோரயில் என்கிற ஒற்றைத் தண்டவாள ரயில் உண்டு, ஃபெர்ரி படகு உண்டு. இரண்டிலும் வண்டியை மடக்காமல் அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். பஸ்ஸிலும் கார் நிறுத்துமிடத்து டிராமிலும் மடக்கித்தான் ஆக வேண்டும். ஒற்றைக் கையால் மடக்க வருகிறதா என்று வீட்டு ஹாலில் பழகிவிட்டுப் போங்கள். இன்னொரு கையில் எப்போதும் ஒரு பிள்ளை இருக்கும்.

சரி, நிறுத்துவதற்கு வருவோம். ரைடு வரிசைக்குள் ஸ்ட்ரோலர் போகாது. வெளியே அதற்கென்று இடம் இருக்கும், அங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும். 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகு ரைடு முடிந்து வெளியே வந்தால் வைத்த இடத்தில் எங்கள் வண்டி இல்லை. அடிவயிறு கலங்கிப்போனது. காணாமல் போகவில்லை, புதிதாக வரும் வண்டிகளுக்கு இடம் பண்ண ஊழியர்கள் வரிசையை நகர்த்தி அடுக்கிக்கொண்டே இருப்பார்கள், அது அங்கே வழக்கம். இருபதடி தள்ளி இருந்தது. இன்னொரு இடத்தில் நானே வேறு யாருடைய சாம்பல் நிற வண்டியையோ பத்தடி தள்ளிவிட்டு, இருக்கையில் எங்களுடையது அல்லாத பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான் திரும்பக் கொண்டுவந்தேன். அன்றைக்கே மாமியார் தன் பழைய மாம்பழ மஞ்சள் புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டார். தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது. பாஸ்போர்ட், பணம், கேமரா எதையும் வண்டியில் விடாதீர்கள். முறுக்கை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் அணில் வந்து பிரித்துவிடும், வாத்துகளும் சும்மா இருக்காது.

கைப்பிடியில் கனமான பையை மாட்டாதீர்கள். பிள்ளை இறங்கிய அடுத்த நொடி வண்டி பின்பக்கம் சாயும். எங்கள் ஃபிளாஸ்க் அப்படித்தான் உடைந்தது.

ஃபுளோரிடா வெயில் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல, புழுக்கம் அதே புழுக்கம்தான். வெயிலில் நின்ற வண்டியில் பிள்ளையை உட்கார்த்தும் முன் பெல்ட் பக்கிளை உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள், சுடும். தூங்குகிற குழந்தைக்கு நிழல் என்று கெட்டிப் போர்வையால் வண்டியை மூடுவதைப் பார்க்கிறேன். உள்ளே காற்று போகாமல் சூடு ஏறும், கூடவே கூடாது. கவ்விப் பிடிக்கிற சின்ன மின்விசிறியும் நனைத்துப் பிழிந்த ஈரிழைத் துண்டும் போதும். கோடையில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடி மழை கொட்டுவது சகஜம். வானம் நீலமாக இருந்தாலும், ரைடுக்குள் போகும் முன் மழை உறையை மாட்டிவிட்டுப் போங்கள். நனைந்த இருக்கை அன்று காயாது. பிள்ளை உள்ளே இருக்கும்போது மழை நின்றதும் உறையை உடனே எடுத்துவிட வேண்டும்.

சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும், ஐஸ் கட்டியை அப்படியே கொட்டி வைத்த பெட்டியும் கூடாது. நாங்கள் தயிர்சாதமும் பொடி தடவிய இட்லியும் கொண்டுபோனோம். பார்க் வாசலிலிருந்து கோட்டைப் பக்கம் போகும் மெயின் ஸ்ட்ரீட் தெரு முடிகிற இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி, குழந்தைப் பராமரிப்பு மையம் இருக்கிறது. ஏசி, மைக்ரோவேவ், உயர நாற்காலி, பால் கொடுக்கத் தனி அறை எல்லாம் உண்டு. மதியம் ஒரு மணி நேரம் அங்கே போய்விடுங்கள்.

செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் என்கிற ரோலர் கோஸ்டருக்குப் பிள்ளை 38 அங்குல உயரம் இருக்க வேண்டும். பெரியவன் தேறினான், சின்னவள் இல்லை. வாசலில் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். ஒருவர் பெரிய பிள்ளையோடு போய்வரும்வரை மற்றவர் வண்டியோடு காத்திருக்கலாம். பிறகு காத்திருந்தவர் நீண்ட வரிசையில் நிற்காமல் போகலாம். பையன் அப்பாவோடு ஒரு தடவை, என்னோடு ஒரு தடவை போனான்.

இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே தெரு வழியாக வெளியேறும். அந்த நெரிசலில் வண்டியைத் தள்ளினால் முன்னால் போகிறவர் கணுக்காலில்தான் இடிக்கும். நாங்கள் அரை மணி நேரம் ஓரமாக நின்றுவிட்டு ஃபெர்ரி பிடித்தோம். பிள்ளைகள் இரண்டும் வண்டியிலேயே தூங்கிவிட்டன. டிராமுக்காக எழுப்பி மடக்க மனம் வராமல், கார் வரை நடந்தே தள்ளினோம். கைப்பிடியை விடாமல் தள்ளிக்கொண்டு வந்தது மாமியார்தான்.