மூணு ரெஃப்ரி நிக்கும்போது யாரு எங்க பாக்கணும்?

தாமான் கூடைப்பந்து டோர்னமென்ட்ல புதுசா விசில் எடுக்கற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன். கேஎல்ல நம்ம பசங்க வாரக்கடைசில ஆடற மேட்சுக்கு ரெண்டு ரெஃப்ரி நின்னே பழகிட்டோம், திடீர்னு மூணாவது ஆளா நிக்கச் சொன்னா எங்க நிக்கறதுன்னே புரியாது. என்னோட முதல் மூணு பேர் மேட்ச்ல பந்து ஒரு மூலைல இருந்துச்சு, நாங்க மூணு பேரும் பந்தையே பாத்துட்டு நின்னோம், அந்தப் பக்கம் ஒரு பையனுக்கு வாயில முழங்கை பட்டு ரத்தம் வருது, யாரு இடிச்சான்னு மூணு பேருக்குமே தெரியல. அவங்க அம்மா வந்து கேட்டாங்க, என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, முதல்ல பேரு. கூடைக்குக் கீழ, எண்ட் லைனுக்கு (கூடைக்குப் பின்னாடி இருக்கற கோடு) வெளிய நிக்கறவரு லீட். அதே பக்கத்துல, பின்னாடி நடுக்கோட்டுப் பக்கமா நிக்கறவரு ட்ரெயில். எதிர்ப்பக்கம் சைட் லைன்ல, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேரா நிக்கறவரு சென்டர். ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சங்கம்) கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஃப்ரீ த்ரோ கோடு எண்ட் லைன்லேர்ந்து 5.8 மீட்டர், அதனால சென்டர் நிக்கற இடம் நீங்க நினைக்கறத விட கீழ, அதாவது கூடைப் பக்கமாதான் இருக்கும், ரொம்ப மேல ஏறி நின்னுடாதீங்க.

அடுத்து ஏரியா, அதாவது யாரு எந்தப் பகுதியப் பாக்கணும்னு. லீடுக்கு அவரு பக்கத்து பெயிண்ட் (கூடைக்கு முன்னாடி இருக்கற கட்டம்), போஸ்ட்ல, அதாவது கூடைப் பக்கத்துல நடக்கற தள்ளுமுள்ளு, எண்ட் லைன். ட்ரெயிலுக்கு மேல் பகுதி, அவரு பக்கத்து த்ரீ பாயிண்ட், சைட் லைன், நடுக்கோடு. சென்டருக்கு அவரு பக்கம் முழுக்க. பந்து உங்க ஏரியால இருந்தா பந்து வச்சிருக்கறவரையும் அவரு டிஃபெண்டரையும் பாருங்க. இல்லன்னா பந்தை விட்டுடுங்க, உங்க ஏரியால ஸ்க்ரீன் போடறவன் (டிஃபெண்டர் வழிய மறிச்சு நிக்கறவன்), ஜெர்சிய பிடிச்சு இழுக்கறவன், அவங்கதான் உங்க வேலை. சொல்றது சுலபம், ஆனா கண்ணு தானா பந்து பின்னாடி ஓடும். பக்கத்துல நிக்கற ரெண்டு பேரையும் நம்பினாதான் கண்ண எடுக்க முடியும், அதனால மேட்சுக்கு முன்னாடி மூணு பேரும் ஒரு டீ குடிச்சுட்டே பேசி முடிவு பண்ணிக்கோங்க, அந்த பத்து நிமிஷத்த நான் எப்பவும் விடமாட்டேன்.

இப்ப கஷ்டமான ரொட்டேஷன், அதாவது மூணு பேரும் இடம் மாத்திக்கறது. பந்து சென்டர் பக்கம் போய் அங்கயே நின்னா லீட் கூடைக்குப் பின்னாடி எண்ட் லைன் ஓரமா அந்தப் பக்கம் நடந்து போகணும், ஆரம்பிக்கறது எப்பவும் லீட்தான். அவரு அந்தப் பக்கம் போனப்புறம் சென்டர் மேல ஏறி ட்ரெயில் ஆகறாரு, பழைய ட்ரெயில் கீழ இறங்கி புது சென்டர் ஆகறாரு. ஷாட்டோ ட்ரைவோ (பந்தோட கூடைய நோக்கி ஓடறது) போய்ட்டிருந்தா லீட் நகரக்கூடாது. மனசுல பதியலன்னா மாமாக் கடைல டிஷ்யூ பேப்பர கோர்ட்டா விரிச்சு மூணு ஸ்ட்ராவ வச்சு நகத்திப் பாருங்க, நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

பந்து கைமாறி எல்லாரும் எதிர்க்கூடைக்கு ஓடினா ட்ரெயில் புது லீட், லீட் புது ட்ரெயில், சென்டர் சென்டராவே அதே சைட் லைன்ல ஓடுவாரு.

ஷாட் போச்சுன்னா, யாரு ஏரியாலேர்ந்து போனதோ அவரு ஷூட்டர் கால் தரைல படற வரைக்கும் அவனையே பாக்கணும், மத்த ரெண்டு பேரும் ரீபவுண்ட, அதாவது விழாம திரும்பி வர்ற பந்துக்கான போட்டியப் பாக்கணும்.

ரெண்டு விசில் ஒரே நேரத்துல அடிச்சா கைய மட்டும் தூக்குங்க, உடனே சிக்னல் காட்டாதீங்க. ஒருத்தரு பிளாக்கிங்னு (டிஃபெண்டர் தப்பு) காட்டி இன்னொருத்தரு சார்ஜிங்னு (பந்து வச்சிருக்கறவர் தப்பு) காட்டிட்டா ரெண்டு டீமும் கத்தும், பசங்க நம்ம மேல வச்ச நம்பிக்கை போய்டும். கண்ணப் பாத்துக்கோங்க, ஏரியா யாருதோ அவரே சொல்லட்டும்.

அடுத்த தடவ ஜாலான் ஹங் ஜெபாட் மாபா (மலேசியக் கூடைப்பந்துச் சங்கம்) ஸ்டேடியத்துக்கு மேட்ச் பாக்கப் போனா, ஒரு குவார்ட்டர் முழுக்க ஸ்கோரையும் பந்தையும் விட்டுட்டு சென்டர் முகத்த மட்டும் பாருங்க, அவரு கண்ணு எப்ப பந்துக்கு வருது, எப்ப போகுதுன்னு எண்ணுங்க.